பரிசு பெற்ற படமும் பதறும் நெஞ்சமும்

(திரைப்பட இரசிகர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



சற்று முன்னர் நாம் கண்ட ‘தீபன்’ என்னும் படத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணித்துள்ளீர்கள். பாராட்டுவதா, பழிப்பதா என்று கேட்டால், இரண்டையும் செய்ய வேண்டியவனாகவே உங்கள்முன் நிற்கின்றேன்.

2015ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சின் கான் நகரத் திரைப்பட விழாவிலே, தலையாய பரிசாகிய தங்கப் பனை இப்படத்திற்கு வழங்கப்பட்டது. இயக்கியவர் ஜாக் ஓடியார் என்னும் பிரெஞ்சுக்காரர். ஆயினும் படத்தின் பெரும்பகுதியிலே ஒலிப்பது நமது தாய்மொழி. நாயகனாக நடித்தவர், ஷோபாசக்தி என்ற புனைபெயரால் நாமறிந்த எழுத்தாளர் அந்தோனிதாசன். இளமையிலே இயக்கத்திலிருந்து, பின்னர் பிரான்சிலே அடைக்கலம் புகுந்தவர். உலக அரங்கிலே நம் மொழி ஒலித்தது கண்டு மகிழாதார் யார்?

போரின் முடிவிலே தோழரின் சடலங்களுக்குத் தீயிட்டு, தன் சீருடையையும் அத்தீயிலே போட்ட போராளி ஒருவன். அவன் முன்பின் அறியாத யாழினி என்னும் பெண். தாயற்ற சிறுமி இளையாள். இம்மூவரும் இறந்துபோன மூவரின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு, கணவன், மனைவி, மகள் என நடித்துப் பிரான்சை அடைகின்றனர். பாரிசின் புறநகர்க் குடியிருப்பொன்றிலே அவனுக்குப் பராமரிப்பு வேலை கிடைக்கின்றது. அங்கும் போதைப்பொருட் கும்பல்களின் துப்பாக்கிகள் வெடிக்கின்றன. பொய்யாய்த் தொடங்கிய குடும்பமோ மெல்ல மெல்ல மெய்யாகின்றது. அகதியின் அகத்தை இவ்வளவு நுட்பமாய்க் காட்டிய படங்கள் சிலவே.

ஒரு காட்சியை நான் மறக்க மாட்டேன். கட்டடங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடொன்றைக் கீறி, இது சுடக்கூடாத வலயம் என அறிவிக்கின்றான் தீபன். வேற்றுநாட்டார் இதனைப் பித்தன் செயலென்று எண்ணியிருக்கலாம். நமக்கோ நெஞ்சு நடுங்கிற்று! 2009ஆம் ஆண்டு சனவரி முதல் மே வரை வன்னியிலே அவ்வாறான வலயங்கள் மும்முறை அறிவிக்கப்பட்டன. அவற்றை நம்பிச் சென்ற மக்கள்மீது அரச படையின் எறிகணைகள் வீழ்ந்தன என்றும், தப்பியோட முயன்றோரைப் புலிகள் சுட்டனர் என்றும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டென, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. காக்காத கோட்டைக் கண்டவன், காக்கும் கோடொன்றை வரைய முயல்கின்றான். இதனினும் உண்மையான காட்சி வேறெது?

ஆனால், இறுதிக் கட்டத்திலே அக்கோட்டைப் படமே அழித்துவிடுகின்றது. யாழினியை மீட்கக் கத்தியும் துப்பாக்கியுமாய்ப் புகைக்கு நடுவே படியேறி, எதிர்ப்பட்டோரை வீழ்த்துகின்றான் தீபன். அதன்பின் இங்கிலாந்திலே தோட்டமும் வெயிலும் கைக்குழந்தையும்! போரை எரித்துவிட்டு வந்தவனுக்கு, மீண்டும் போர் புரிந்ததற்கே பரிசாய் அமைதி கிடைக்கின்றது.

என்னை மிகவும் கலங்க வைத்தது யாது தெரியுமா? அவன் கத்தியை ஓங்கியபோது, ஒரு கணம் என் நெஞ்சும் ‘வெட்டு’ என்றது. படம் முடிந்தபின் வெட்கினேன். சாவைக் கண்டு சலித்த நமக்குள்ளேயே அந்தக் குரல் உறங்குகின்றதென்றால், நம்மை அறியாத பிறர் இதைக் கண்டு என்ன முடிவுக்கு வருவர்? அடுத்த வீட்டுத் தமிழ் அகதியை, உறங்குகின்ற ஆயுதமாக அல்லவா நோக்குவர்? அடைக்கலம் கேட்டு விசாரணை அறையிலே அமர்ந்திருப்பவனுக்கு இது சிறிய செய்தியன்று.

ஆகவே இப்படத்தைப் புறக்கணியுங்கள் என்று சொல்லேன். தலையில் வைத்துக் கூத்தாடுங்கள் என்றும் சொல்லேன். அந்த வெள்ளைக் கோட்டுக்காக நன்றி கூறுவோம். இறுதிக் கட்டத்தை மறுத்துரைப்போம். நம் கதையைப் பிறர் முடித்துவைத்த விதம் பிழையென்றால், அதனைச் சரியாக முடித்துக் காட்டும் கடமை நம்முடையதே. இளைஞர்களே, அக்கடமையை உங்களிடம் ஒப்படைத்து அமர்கின்றேன்.