துண்டும் கொழுந்து லொறியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் டொக்டரான கதையைச் சொல்லும்படி சங்கச் செயலாளர் கேட்டார். அதைவிட நம் டிக்கோயா ஆஸ்பத்திரியின் கதை கேட்கத் தக்கது. கிளங்கன் ஆஸ்பத்திரி என்றால்தான் இங்கே பலருக்கு விளங்கும்.

1872இல், கோப்பிக் காலத்திலேயே, மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. நோயுற்ற தொழிலாளரைக் கவனிப்பது தோட்டத்தின் பொறுப்பாயிற்று. 1912இல் மறுபடியும் சட்டம் இயற்றினார்கள். ஏட்டில் நல்ல சட்டம்தான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக தோட்டத்திலிருந்து ஒரு துண்டு வேண்டும். காய்ச்சலோடு இரண்டு நாள் துண்டுக்காகக் காத்திருந்ததை என் அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். துண்டு கிடைத்தாலும் வாகனம்? கொழுந்து லொறிதான். என் கடைசித் தம்பி பிறந்ததே கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில். வீட்டில் இன்றும் அவனுக்கு 'லொறி' என்றுதான் பெயர்.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. தோட்டத்து மருந்தகமோ பெரும்பாலும் நிர்வாகத்தோடேயே நின்றது.

கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். 1990 அம்புலன்ஸ் சேவை எல்லா மாகாணங்களுக்கும் விரிவாகும் என்று அன்று நோர்வூட் கூட்டத்தில் சொன்னதும் அவரே. கொழுந்து லொறியை நம்பியிருந்தவர்களுக்கு அது கட்டடத்தை விடப் பெரிய செய்தி என்பேன்.

ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு நம் பேச்சு விளங்க வேண்டுமே! மலையகத்துக்கு வெளியே ஓர் ஊரில் நான் உள்ளகப் பயிற்சி பெற்ற காலம். தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா, "நெஞ்சை அடைக்குது" என்றார். மொழிபெயர்த்த சிற்றூழியர் "கெஸ்ட்ரைட்டிஸ்" என்றுவிட்டார். மருந்தும் எழுதியாகிவிட்டது. தற்செயலாக அந்தப் பக்கம் போன என் கையைப் பிடித்து, "மகளே, மூச்சு முட்டுது, இடது கை மரத்துப் போகுது" என்றார். ஈ.சி.ஜி. எடுத்தோம். மாரடைப்பு. அவர் பிழைத்தார். நான் வேறு பக்கமாகப் போயிருந்தால்? பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. அதை வார்டுக்குள் கொண்டுவர ஆள் வேண்டும். டொக்டர் ஆனால்தான் உண்டு என்று நினைக்காதீர்கள். இரவு முழுவதும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் தாதிதான். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி ஓரிரண்டால் தவறியதும் படிப்பை விட்டுவிடுகிறார்கள்!

தாதியர் பயிற்சிக்கான பழைய வர்த்தமானி அறிவித்தலின் பிரதிகள் சில கொண்டு வந்திருக்கிறேன். என்னென்ன தகுதி கேட்பார்கள் என்று அதில் பார்க்கலாம். உயர்தர விஞ்ஞானப் பிரிவுத் தங்கைமார் தேநீர் வேளையில் நூலகத்துக்கு வாருங்கள், அங்கே இருப்பேன். அம்மாவையும் அழைத்து வாருங்கள். வெளியூரில் தங்கிப் படிக்க விடமாட்டேன் என்பவர் பெரும்பாலும் அவர்தானே!