ஊதச் சொல்கிறார்கள்

(பெண்கள் உடல்நலம் குறித்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் இல்லை. வங்கியில் கணக்கு எழுதுகிறவன், அப்பப்ப கவிதை எழுதுகிறவன். கர்ப்பிணிப் பெண்களைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதின்னு கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனாலும் பேசச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. அடுத்த மாசம் காலனியில் நாம் நடத்தப்போகும் மருத்துவ முகாமுக்கு ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கலாம், கர்ப்பிணிகளை ஊதவைத்துப் புகைப்பழக்கம் இருந்தால் கண்டுபிடித்து நிறுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. விலை விசாரிக்கும் வேலையை என் தலையில் கட்டினீர்கள். விசாரிக்கப் போனவன் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். அதைத்தான் சொல்லப்போறேன்.

இந்தக் கருவியைக் கர்ப்பிணிகளிடம் பெரிய அளவில் பயன்படுத்துகிற நாடு இங்கிலாந்து. அங்கே மருத்துவ வழிகாட்டுதல் தருகிற நைஸ் என்ற அரசு சார்ந்த நிறுவனம், முதல் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளை மருத்துவச்சி ஊதச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று 2010-இல் சொன்னது. 2021-இல் வந்த வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. முதலில் ஒருமுறை, 36-ஆவது வாரத்தில் இன்னொருமுறை. மூச்சை இழுத்து, கொஞ்ச நேரம் அடக்கி, குழாயில் மெதுவாக ஊதணும். வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று ஒரு எண் வரும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் புகையை நிறுத்த உதவும் பிரிவுக்கு அனுப்புவார்கள். வேண்டாமென்றால் அவள் மறுக்கலாம்.

கார்பன் மோனாக்சைடு என்பது எரியும் எதிலிருந்தும் வருகிற, மணம் இல்லாத, கண்ணுக்குத் தெரியாத வாயு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அப்புறம் ஆக்சிஜன் எங்கே உட்காரும்? வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் ரத்தத்தில் அது தாயின் ரத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே சேரும். புகைக்கிற தாய்க்குக் குறைப்பிரசவம் அதிகம் என்பதை 1957-இலேயே அமெரிக்காவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். பிள்ளையின் எடை சராசரியாக 200 கிராம் அளவுக்குக் குறைவதும், செத்துப் பிறப்பது கூடுவதும் அதற்கப்புறம் பல நாடுகளில் நிரூபணமான விஷயங்கள். இதில் நமக்குச் சந்தேகமே வேண்டாம். புகையிலை நம்ம பிள்ளைகளுக்குச் செய்கிற கெடுதலை நான் குறைத்துப் பேச வரவில்லை.

வாயால் கேட்டால் போதாதா, ஊதித்தான் பார்க்கணுமா? ஸ்காட்லாந்தில் 2009-இல் ஒரு ஆய்வு வந்தது. புகைக்கிறேன் என்று தாங்களே சொன்ன கர்ப்பிணிகள் நூற்றுக்கு 24 பேர். அவர்கள் ரத்தத்தில் கோட்டினின் இருக்கிறதா என்று பார்த்துக் கணக்கிட்டபோது 30 பேர். கோட்டினின் என்பது நிக்கோட்டின் உடம்புக்குள் போய் மாறுகிற பொருள். ஆக நாலு பேரில் ஒருத்தி மறைத்திருக்கிறாள். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. புகைக்கிறவர்களில் மறைத்தவர்களின் விகிதம் வசதியான பகுதிகளில்தான் அதிகம். ஏழைப் பகுதியில் புகைப்பவர்களே அதிகம் என்பதால் எண்ணிக்கையில் அங்கே கூடுதல், அவ்வளவுதான். பொய் சொல்றது ஏழைப் பொம்பளைன்னு ஒரு பொதுப்புத்தி இருக்கே, அதுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

ஏன் மறைக்கிறாள்? கேட்கிறவரின் முகம் அப்படி இருக்கு. இங்கிலாந்தில் இந்த யோசனை வந்தபோது மருத்துவச்சிகள் தரப்பிலேயே தயக்கம் எழுந்தது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அடுத்த தடவை வரமாட்டாள் என்று. அங்கே யார் புகைக்கிறார்கள் என்பதையும் பார்க்கணும். பிளாக்பூல் என்று கடற்கரை ஊர், வறுமை மண்டிய ஊர். 2010களில் பிரசவ நேரத்திலும் புகைத்த பெண்கள் அங்கே நூற்றுக்கு 25-க்கு மேல். லண்டனின் பணக்காரப் பகுதிகளில் இரண்டோ மூன்றோ. இங்கிலாந்து முழுவதும் 2023-24-இல் 7.4. தேசம் ஒன்று, எண் வேறு வேறு. இது ஒழுக்கக் கேடு என்றால் ஒழுக்கம் மட்டும் ஏன் வாடகை பார்த்துக் குடியிருக்குது?

அந்தப் பெண்களுக்குச் சிகரெட்டை விற்றவன் எந்தக் குழாயிலும் ஊதியதில்லை. 1971-இல் பிலிப் மோரிஸ் கம்பெனியின் தலைவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, பிள்ளை சின்னதாகப் பிறப்பதைச் சில பெண்கள் விரும்பத்தான் செய்வார்கள் என்கிற மாதிரி பேசினார். பேசிட்டு வீட்டுக்குப் போய்ட்டார்.

சோதனை யார் கையில் போய்ச் சேரும் என்கிற பயம் வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் தெற்குக் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் நகரம். 1989 முதல் அங்கிருந்த பொது மருத்துவமனையில் கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்கள் சம்மதம் இல்லாமலே கோகெய்ன் போதைக்குச் சோதித்து, முடிவைப் போலீசுக்குக் கொடுத்தார்கள். பிள்ளை பெற்ற உடம்போடு கைது. கைதானவர்கள் 30 பேர், அதில் 29 பேர் கறுப்பினப் பெண்கள். இதைச் சாதி தெரிந்த நாம் இரண்டாவது முறை படிக்கத் தேவையில்லை. பெர்குசன் வழக்கு என்பார்கள். சம்மதமில்லாமல் போலீசுக்காகச் செய்கிற இப்படிப்பட்ட சோதனை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2001-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அது கோகெய்ன், இது புகையிலை. ஆனால் பிள்ளையைக் காப்பாத்தறோம் என்ற பேச்சு இரண்டுக்கும் பொது.

சரி, நம்ம காலனிக்கு வருவோம். 2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைக்கும் பெண்கள் நூற்றுக்கு 2 பேர்தான். மெல்லுகிற, தேய்க்கிற புகையிலையைப் பயன்படுத்துகிறவர்கள் 12.8. என் ஆயா நடவுக்குப் போனால் முந்தானை முடிச்சில் போயிலை இருக்கும். குடிச்ச கூழு பத்து மணிக்கே கரைஞ்சிடும், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் குனிந்த முதுகை நிமிர்த்தாமல் நடணும். பசிக்கும் அதுதான், பல்வலிக்கும் அதுதான். ஆண்டை வீட்டிலேயே கூலியோடு வெத்தலையும் போயிலையும் சேர்த்துக் கொடுப்பாங்களாம். கொடுத்தவனுக்குத் தெரியும், எதற்குக் கொடுக்கிறோம் என்று. ஆயா ஏழு பெத்தாள், நாலு நின்றது. போயிலையால் போச்சு என்று நான் சொல்ல வரவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2004-இல் வெளியான ஆய்வு, வாயில் வைக்கும் புகையிலையால் பிள்ளையின் எடை சராசரியாக 105 கிராம் குறைகிறது என்கிறது. குறைப்பிரசவமும் கூடுகிறது.

இப்ப அந்தக் கருவியைக் கொண்டுவந்து இங்கே வைங்க. போயிலை அடக்குகிறவள் ஊதுகிறாள். எரிகிறது எதுவும் இல்லையே, எண் ஏறாது. கருவி அவளை நல்லவள் என்று அனுப்பிவிடும். அடுத்து ஒருத்தி. வாழ்நாளில் புகையிலையைத் தொடாதவள். காலையில் கூரைக்குள்ளே ஈரவிறகை ஊதி ஊதிச் சோறாக்கி வைத்துவிட்டு நேரே முகாமுக்கு வருகிறாள். அடுப்புப் புகையில் அதே வாயு இருக்கு. அவளுக்கு எண் ஏறும். இங்கிலாந்தில் புகைக்காதவளுக்கு எண் கூடினால் வீட்டில் எரிவாயு அடுப்பு பழுதா, கொதிகலன் பழுதா என்று கேட்கணும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஆளுங்க கேப்பாங்களா? "ஏம்மா, பீடி குடிப்பியா?" என்பார்கள்.

பீடி என்றதும் வேலூர், திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு வீடு முறத்தில் இலையும் தூளும் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிற பெண்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். மாசமாக இருந்தாலும் சுற்றணும், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தூள் மூச்சில் போகுது, தோலில் இறங்குது. பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரில் கோட்டினின் இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சிறுநீர்ச் சோதனை வைத்தால், வாயில் வைக்காதவளும் புகையிலைக்காரி ஆகிவிடுவாள்.

அடுப்பை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. நம்ம விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாகச் சுமார் 3,200 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு இலவசமாக எரிவாயு கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. புகை குறைந்தது. பிள்ளையின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஏன் என்று படித்தவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். என் சிற்றறிவுக்கு, தட்டில் என்ன இருந்தது என்றும் கேட்கணும்னு தோணுது.

என் அக்கா முதல் மாசமாயிருந்தபோது ஒரு சுகாதார நிலையத்தில், எந்த ஊர் என்று சொல்லவில்லை, வரிசையில் எல்லாரும் பார்க்க வாயைத் திறக்கச் சொல்லி, பல்லில் கறையைப் பார்த்துவிட்டு, "உங்க தெருவே இப்படித்தான்" என்றார்கள். பழக்கம் அக்காவுக்கு, பழி தெருவுக்கு. அதற்கப்புறம் வலி வருகிற வரைக்கும் அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. இரும்புச்சத்து மாத்திரை, ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி எல்லாம் போச்சு. போயிலையை மட்டும் விடவில்லை.

நிறுத்த வைத்த அனுபவமும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது. கிளாஸ்கோ நகரத்தில் 612 புகைக்கும் கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் வழக்கமான உதவி உண்டு. ஒரு தரப்புக்கு மட்டும், நிறுத்தினால் கட்டம் கட்டமாக 400 பவுண்டு வரை கடைச் சீட்டு. 2015-இல் வந்த முடிவு: சீட்டுக் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 22.5 பேர் நிறுத்தினார்கள், மற்றவர்களில் 8.6. அங்கேயும் சோதித்தார்கள். ஆனால் சோதனைக்கு அந்தப் பக்கம் திட்டு இல்லை, பிள்ளைக்குத் துணி வாங்கும் காசு இருந்தது. லஞ்சம் கொடுத்து ஒழுக்கம் வளர்ப்பதா என்று அந்த ஊர்ப் பத்திரிகைகளில் சிலர் குதித்தார்கள். குதிக்கட்டும்.

நம்ம மாநிலத்தில் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி இருக்கு. 2018-இலிருந்து ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக. அந்தப் பணத்தை எடுக்க வரும் பெண்களைக் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். எட்டு மாச வயிற்றோடு நிற்பாள், ஆதார் இணையவில்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பிப் போவாள். சில சமயம் பணம் ஏறிய அன்றைக்கே புருசன் கார்டைக் கொண்டுபோய் எடுத்திருப்பான். அந்தக் காசில் எவ்வளவு சிகரெட்டாகப் புகையும் என்று எந்தக் கருவியும் காட்டாது. ஒரே அறை வீட்டில் அவன் விடும் புகையை அவள்தான் மூச்சாக இழுக்கணும்.

அதனால் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கலாம். தன் உடம்பில் என்ன இருக்கு என்று தெரிந்துகொள்வது அவளுடைய உரிமை. அது இவ்வளவு நாளாக டாக்டருக்கும் நர்சம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. ஆனால் முதலில் ஆண்கள் ஊதட்டும், எல்லார் முன்னாலும், நான் உட்பட. பெண்கள் தனியாக, விருப்பம் இருந்தால் மட்டும். எண்ணை அவளிடம் மட்டும் சொல்லணும். எந்த அடுப்பு, எந்த வேலை, என்ன சாப்பிட்டாள், வாயில் என்ன வைக்கிறாள் என்று உட்கார்ந்து பேச ஒரு பெண் தோழர் வேணும். விட நினைக்கிறவளை அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போய்ப் பார்க்க ஆள் உண்டா? இல்லையென்றால் அந்தக் காசுக்குக் கேழ்வரகும் கடலையும் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று. முகாமுக்கு அச்சடித்த பதிவேட்டைப் பார்த்தேன். பெயர், வயது, தெரு, அப்புறம் "புகையிலை: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம். பதிவேடு முகாம் முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகுமாம். பேனா என்னிடம் இருக்கு. அந்தக் கட்டத்தை அடிப்பதா, இல்லை நோட்டை நாமே வைத்துக்கொள்வதா என்பதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி அக்காமார்கள் பேசி முடிவு பண்ணுங்க.