ஓட்டு வீட்டுக்கா, ஆளுக்கா?



இன்று நாம் பேசப்போகும் விஷயம், இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்னும் பெரிய தொழில் நகரத்தில் நடக்கும் வார்டு கவுன்சிலர் எலெக்ஷனைப் பற்றியதாகும். நோட்டீசைப் பார்த்த தோழர் ஒருவர் நம்மை வாசலிலேயே நிறுத்தி, "அந்த ஊர்ச் சாக்கடைக்கு எவன் கவுன்சிலராக வந்தால் நமக்கென்ன ஐயா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வார்டு என்ற வார்த்தையும், கவுன்சிலர் என்ற வார்த்தையும், மேயர் என்ற வார்த்தையும் நமக்கு எங்கேயிருந்து வந்தன? 1688-ம் வருஷத்தில் சென்னைக்குக் கார்ப்பரேஷன் ஏற்பட்டபோது இங்கிலீஷ் நகரங்களின் மாதிரியைப் பார்த்துத்தான் ஏற்படுத்தினார்கள். மாதிரி எடுத்த இடத்தில் அந்தச் சரக்கு எப்படியிருக்கின்றது என்று பார்ப்பது, சரக்கை வாங்கினவனுக்குத் தப்பான காரியமல்ல.

எலெக்ஷன்களிலெல்லாம் வார்டு எலெக்ஷன் மிகச் சிறியது. அதனாலேயே அதில் மனிதனுக்கு நெருக்கடி அதிகம். பார்லிமெண்டுக்கு நிற்கிறவன் எங்கேயோ இருப்பான். வார்டுக்கு நிற்கிறவனோ அடுத்த தெருக்காரன், கடன் கொடுத்தவன், வேலை கொடுத்தவன், இல்லாவிட்டால் மாமன் மைத்துனன். நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்பது அவன் கண்ணுக்குத் தெரிந்து விடுமானால், அந்த ஓட்டு உன்னுடையதாகுமா? இந்த ஒரு கேள்வியைத்தான் பர்மிங்ஹாமை வைத்துக் கொண்டு நாம் பேசப் போகின்றோம். நாம் அந்த ஊரைக் கண்ணால் கண்டவரல்ல. சட்டங்களையும் தீர்ப்பையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு படித்துத் தெரிந்து கொண்டதைத்தான் சொல்லுகின்றோம்.

நம்மில் படித்தவர்கள் என்பவர்களில் சிலர், வெள்ளைக்காரன் பிறக்கும்போதே ஜனநாயகத்தோடு பிறந்தவன் போலப் பேசுவதுண்டு. சங்கதி அப்படியில்லை. பர்மிங்ஹாமுக்கு எலெக்ஷன் மூலம் ஏற்பட்ட நகரசபை 1838-ம் வருஷத்தில்தான் வந்தது. அப்போது ஓட்டுப் போட்ட விதம் தெரியுமா? வரி கொடுக்கும் குடித்தனக்காரன், தான் இன்னின்னாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அடியில் தன் கையெழுத்தையும் போட்டு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். பார்லிமெண்டு எலெக்ஷனிலோ ஊரார் முன்னால் வாயாலேயே சொல்ல வேண்டும். வீட்டுக்காரன் பார்த்துக் கொண்டிருப்பான், முதலாளி பார்த்துக் கொண்டிருப்பான். மாற்றிச் சொன்னவனுக்கு அடுத்த மாதம் வீடும் இருக்காது, வேலையும் இருக்காது. சாராயத்துக்கும் குறைவில்லை.

இந்த அநியாயம் 1872-ம் வருஷத்தில் ரகசிய ஓட்டுச் சட்டம் வந்த பிறகுதான் அடங்கிற்று. அச்சட்டம் பார்லிமெண்டுக்கு மட்டுமின்றி நகரசபை எலெக்ஷனுக்கும் செல்லும்படி செய்யப்பட்டது. அதற்கு எதிராகப் பேசியவர்களில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற பெரிய அறிவாளியும் ஒருவர். ஓட்டு என்பது பொதுஜனங்களுக்காக ஒருவனிடம் ஒப்புவிக்கப்பட்ட பொறுப்பு, ஆகவே அதைப் பகிரங்கமாகவே செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். பெண்ணுரிமைக்காக எழுதிய மில்லிடத்தில் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் ஓட்டை மாற்றிச் சொன்னதற்காக வாடகை வீட்டிலிருந்து அவரை யாரும் துரத்தியதில்லை என்பதையும் நினைத்துக் கொள்ள வேண்டியிருக்கின்றது.

ரகசிய ஓட்டு வந்த மறு வருஷம், அதாவது 1873-ல், ஜோசப் சேம்பர்லேன் என்ற திருகாணி வியாபாரி பர்மிங்ஹாமுக்கு மேயரானார். அவர் 1869-ல் செயிண்ட் பால்ஸ் வார்டிலிருந்து கவுன்சிலராக வந்தவர். கம்பெனிக்காரர்கள் கையிலிருந்த காஸ் விளக்கையும் குடிதண்ணீரையும் நகரசபையே விலைக்கு வாங்கும்படி செய்தார். 1904-ல் வேல்ஸ் தேச மலைகளிலிருந்து 73 மைல் தூரத்துக்கு வாய்க்காலும் குழாயும் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். வருண ஜெபம் செய்து கொண்டு வந்ததல்ல, வார்டு கவுன்சிலர்கள் கைதூக்கி நிறைவேற்றிக் கொண்டு வந்தது! அணைக்காக அந்த மலைப் பள்ளத்தாக்கில் ஒரு கோவிலும் தண்ணீருக்குள் போயிற்று. அதனால் எந்தச் சாமிக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வீடிழந்த ஏழைக் குடிகளுக்குத்தான் நஷ்டம். நிலச்சொந்தக்காரர்களுக்கு மட்டுமே நஷ்டஈடு கிடைத்தது. பள்ளத்தாக்கிலிருந்தவர்களுக்குப் பர்மிங்ஹாம் வார்டில் ஓட்டில்லையல்லவா?

இதே பர்மிங்ஹாமில் 1817-ல் பிறந்து, பட்டறையில் தகரவேலை செய்த ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்பவர்தான், மதத்தை விட்டு இவ்வுலகக் காரியத்தைப் பார்க்கும் கொள்கைக்கு 'செக்யுலரிசம்' என்று 1851-ல் பெயர் வைத்தவர். 1842-ல் தெய்வ நிந்தனை என்று சொல்லி ஆறு மாதம் அவரைச் சிறையில் வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போது வெளியே அவர் குழந்தை இறந்தது. இந்த ஊரின் பெயரைக் கேட்டால் சுயமரியாதைக்காரனுக்கு நினைவு வரவேண்டியது சேம்பர்லேனைவிட ஹோலியோக்தான்.

நிற்க. ரகசியம் வந்ததே தவிர, ஓட்டு ஆளுக்கு வந்ததா என்றால், இல்லை. அது வீட்டோடுதான் ஒட்டிக் கொண்டிருந்தது. 1869-ல் வரி கொடுக்கும் பெண்களுக்கு நகரசபை ஓட்டு வந்தது. ஆனால் 1872-ல் கோர்ட்டார், கலியாணமான பெண்ணுக்கு அது கிடையாது என்று தீர்ப்புச் செய்து விட்டார்கள். அதாவது, தாலி கட்டாத அந்நாட்டிலும் மோதிரம் மாட்டினவுடன் மனுஷி மறைந்து போனாள்! அதற்குப் பிறகு படிப்படியாகச் சிலது திருந்தியும், தகப்பன் வீட்டிலேயே இருக்கும் வயது வந்த மகனுக்கும் மகளுக்கும், எஜமான் வீட்டிலேயே தங்கியிருக்கும் வேலைக்காரிக்கும், பார்லிமெண்டு ஓட்டு வந்த பிறகும் வார்டு ஓட்டு இல்லை. 1945-ம் வருஷத்துச் சட்டத்தால்தான் அவர்களுக்கு அது வந்தது. கடை வைத்திருப்பவனுக்குக் கடைக்காகக் கிடைத்து வந்த ஓட்டு 1969 வரையில் இருந்தது. லண்டனில் 'சிட்டி' என்கிற பணக்காரத் துண்டு நிலத்தில் இன்றும் கம்பெனிகளின் பெயரால் ஓட்டு இருக்கின்றது. இதைத்தான் ஜனநாயகத்தின் தாய்வீடு என்கிறார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2000-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். ஜனங்கள் ஓட்டுச்சாவடிக்கு வருவதில்லை, அந்நாட்டு ஸ்தல எலெக்ஷன்களில் பெரும்பாலும் மூன்றிலொருவர் வந்தாலே அதிகம், ஆகையால் கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் கேளாமல் தபால் ஓட்டுக் கொடுப்போம் என்றார்கள். எண்ணம் நல்லதுதான். நோயாளிக்கும், இரவு வேலைக்காரனுக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் சௌகரியந்தான். ஆனால் 1872-ல் எதற்காகத் திரை கட்டினார்களோ அதை மறந்து விட்டார்கள். சாவடியில் திரைக்குள்ளே நடந்த காரியம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து விட்டது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார்? தகப்பன், மாமனார், புருஷன்!

2004-ம் வருஷம் ஜூன் 10-ந் தேதி பர்மிங்ஹாமில் 40 வார்டுகளுக்கும், வார்டுக்கு மூவராக 120 ஸ்தானங்களுக்கு எலெக்ஷன் நடந்தது. தபால் ஓட்டுக் கேட்டவர்கள் தொகை முன்னைக்கு இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. ஆஸ்டன், போர்டஸ்லி கிரீன் என்ற இரண்டு வார்டுகளில் லேபர் கட்சி அபேட்சகர்கள் அறுவர் ஜெயித்தார்கள். தோற்ற பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். ரிச்சர்ட் மாரி என்னும் எலெக்ஷன் நீதிபதி விசாரித்து 2005 ஏப்ரலில் இரண்டு வார்டு எலெக்ஷன்களும் செல்லாவென்று தள்ளினார். ஓட்டருக்குத் தெரியாமலே அவர் பெயரில் விண்ணப்பம், ஓட்டுக் காகிதம் வேறு விலாசத்துக்குப் போகும்படி ஏற்பாடு, பொய்க் கையெழுத்து, போட்ட குறியை மாற்றுதல் என்று இரு வார்டுகளிலும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டுகள் பித்தலாட்டத்தில் சேர்ந்தவையென்று அவர் கண்டார். உறையின் மேல் 'என்னைத் திருடிக் கொள்' என்று அச்சடிக்காத குறைதான் என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கின்றார். அறுவரில் ஒருவர் சொந்தத்தில் குற்றவாளி என்ற முடிவை மேல் கோர்ட்டார் பிறகு ரத்து செய்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் எலெக்ஷன் செல்லாது என்பது மாறவில்லை.

இதைக் கேட்டதும் சிலருக்கு, "பார்த்தீர்களா, அந்த வார்டுகளில் முஸ்லிம்கள்தானே அதிகம்!" என்று நாக்கு ஊறும். இங்கேதான் பகுத்தறிவு வேண்டும். அங்கே குடியேறியவர்களில் பலர் காஷ்மீரத்து மீர்ப்பூர்ப் பக்கத்தார். அவர்களுக்குள் 'பிராதரி' என்று குலக்கட்டு ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் சொன்னால் குடும்பங்கள் மொத்தமாக அந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது அதன் வழக்கம். அது குர்ஆனில் இருந்து வந்ததல்ல. நம் ஊரில் ஜாதிப் பஞ்சாயத்துத் தலைவர், "நம்ம ஜனம் இந்தப் பெட்டிக்கு" என்று சொல்லுவதற்கும் அதற்கும் கிராம்பு அளவு வித்தியாசமில்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பார்த்துக் கொண்டிருந்த இங்கிலீஷ் வீட்டுக்காரனும் அந்தக் குலத்துப் பெரியவர்தான். அது மட்டுமல்ல. இந்த மோசடியை வெளியே கொண்டுவந்ததில் அதே தெருக்களில் வாழும் அதே ஜனங்களுக்கும் பங்குண்டு. அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறாவிட்டால் நீதிபதிக்கு என்ன தெரிந்திருக்கும்? திருடனை மட்டும் அச்சமூகத்தோடு சேர்த்துப் பேசி, திருட்டைப் பிடித்துக் கொடுத்தவனைச் சமூகத்திலிருந்து தள்ளிவிடுவது யோக்கியமான வாதமல்ல.

புரோகிதக் கூட்டத்தார் ஓட்டில் கை வைப்பதைப் பற்றியும் ஒரு சங்கதி உண்டு. இங்கிலீஷ்காரர் 1883-ம் வருஷத்துச் சட்டத்தில், ஓட்டுக்காக ஒருவனுடைய உடலுக்கோ பொருளுக்கோ மட்டுமல்ல, ஆத்மாவுக்குத் தீங்கு வருமென்று மிரட்டினாலும் குற்றம் என்று எழுதி வைத்தார்கள். ஆத்மாவே இல்லையென்கிற நமக்கு இது வேடிக்கையாயிருக்கலாம். ஆனாலும் நரகத்தைக் காட்டி ஓட்டு வாங்குவதும் மிரட்டல்தான் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது நமக்கு லாபமே. அயர்லாந்தில் 1892-ல் மீத் ஜில்லாவின் இரண்டு பார்லிமெண்டு எலெக்ஷன்கள், பிஷப்பும் பாதிரிகளும் செய்த அட்டகாசத்துக்காகத் தள்ளப்பட்டன. அதற்குப் பின் நெடுநாள் தூங்கிக் கிடந்த சட்டத்தை, லண்டன் டவர் ஹாம்லெட்ஸ் மேயர் எலெக்ஷன் வழக்கில் 2015-ல் மேற்படி மாரி நீதிபதியே எழுப்பினார். மோசடிகளோடுகூட, 101 இமாம்கள் கையெழுத்திட்டு வங்காளிப் பத்திரிகையில் வெளியான கடிதத்தையும் ஆத்மிக மிரட்டலாகக் கொண்டு அந்த எலெக்ஷனைச் செல்லாதாக்கினார். பதவியிழந்த அந்த மனிதரையே, தடைக்காலம் முடிந்த பின் 2022-ல் ஜனங்கள் மறுபடியும் மேயராக்கினார்கள் என்பது வேறு கதை. நம் நாட்டு 1951-ம் வருஷத்து எலெக்ஷன் சட்டத்திலும் தெய்வ கோபத்தைச் சொல்லி மிரட்டுவது குற்றமென்று இருக்கின்றது. அதை எத்தனை சாமியார் படித்திருப்பார்கள்?

பர்மிங்ஹாம் வழக்குக்குப் பின் என்ன செய்தார்கள்? 2006-ல் தபால் ஓட்டுக்குக் கையெழுத்தும் பிறந்த தேதியும் கொடுக்க வேண்டும் என்றார்கள். கட்சிக்காரர்கள் பிறருடைய தபால் ஓட்டைக் கையில் தொடுவதே குற்றம் என்று 2022-ம் வருஷத்துச் சட்டத்தில் வைத்தார்கள். 2023 மே மாதம் முதல் இங்கிலாந்தின் ஸ்தல எலெக்ஷனில் சாவடிக்குப் போகிறவன் படம் போட்ட அத்தாட்சி காட்ட வேண்டும் என்றார்கள். இந்தக் கடைசிச் சட்டத்தில் நமக்குத் திருப்தியில்லை. அந்த முதல் தடவையிலேயே சுமார் 14,000 பேர் அத்தாட்சியில்லாமல் ஓட்டுப் போடாமலே திரும்பினார்கள். திருட்டு நடந்தது தபாலில். பூட்டுப் போட்டது சாவடிக் கதவில்!

நமக்குப் பெரிதாய்ப் படுபவை வேறு இரண்டு. 2014-ம் வருஷம் வரையில் ஓட்டர் ஜாபிதாவுக்கு வீட்டுக்கு ஒரு பாரம் வரும். வீட்டுத் தலைவன் யார் யார் பெயரை எழுதுகிறானோ அவர்கள்தான் ஓட்டர்கள். மகள் பெயரை விட்டு விட்டாலும் அவளுக்குத் தெரியாது. 2014 முதல் அது போய், ஆளுக்கு ஆள் தானே பதிவு செய்து கொள்ள வேண்டும் என்றாயிற்று. 2023-ல் ரகசிய ஓட்டுக்கென்றே தனியாக ஒரு சிறு சட்டமும் வந்தது. ஒருவர் ஓட்டுப் போடும்போது அவர் மனதைத் திருப்பும் எண்ணத்துடன் இன்னொருவர் கூடவோ பக்கத்திலோ வந்து நிற்பது குற்றம் என்கிறது அது. வெளிப்படையாய்ச் சொன்னால், "என் பெண்சாதிக்கு ஒன்றும் தெரியாது, நான் காட்டுகிறேன்" என்று திரைக்குள் தலையை நீட்டுகிற புருஷனுக்காகச் செய்த சட்டம். 1838-ல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் தொடங்கின காரியத்துக்கு 2023-லும் சட்டம் போட வேண்டியிருந்தது.

சாவடியில் அந்தப் புருஷனை அதிகாரி வெளியே நிறுத்தலாம். சாப்பாட்டு மேஜைக்கு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அங்கே அந்தப் பெண், "இது என் காகிதம், நீங்கள் அப்பால் போங்கள்" என்று தானே சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்லக்கூடிய பெண் நம் கூட்டத்தில் வந்திருக்கும் தோழர்களின் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் கோபித்துக் கொள்ளாதீர்கள். இன்று பெண்கள் பக்கத்தில் ஐந்தாறு பேர்தான் உட்கார்ந்திருக்கின்றார்கள். மற்றவர்களை வீட்டில் விட்டுவிட்டு வந்து, பெண்ணுரிமைப் பேச்சுக்கு நாம் கை தட்டுகின்றோம்.

அடுத்தாற்போல் பேச வேண்டிய தோழருக்கு நேரமாகி விட்டது.