காற்றாடி சுற்றுகிறது; மின்சாரம் வருகிறதா?

(ஆரல்வாய்மொழியில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி இணையதளத்தை எப்போது புதிதாக வடிவமைக்க வேண்டும் என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அறையின் சன்னல் வழியே பார்த்தாலே பாதி பதில் தெரிகிறது. முப்பந்தல் வரை வரிசையாக நிற்கும் காற்றாலைகளில் பழையவையும் உண்டு, புதியவையும் உண்டு. ஒரு காற்றாலையின் ஆயுளைச் சுமார் 20 முதல் 25 ஆண்டுகள் என்று கணக்கிடுகிறார்கள். தொடக்க காலத்தில் நிறுவியவற்றில் பல 250 கிலோவாட், அதற்கும் குறைவான திறன் கொண்டவை. இன்று ஒரே காற்றாலை 2,000 கிலோவாட்டுக்கு மேல் தருகிறது. பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை நிறுத்துவதற்காகவே தமிழ்நாடு அரசு 2024-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. பழைய இறக்கையும் சுற்றத்தான் செய்கிறது. ஆனால் இந்தக் கணவாயில் அடிக்கும் காற்றுக்கு அது எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதே கேள்வி.

இணையதளத்தையும் இதே கேள்வியால்தான் அளக்க வேண்டும். இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முன்பு நான் பணியாற்றிய பள்ளியில் இணையதளம் என் பொறுப்பில் இருந்தது. 2008 வாக்கில் முன்னாள் மாணவர் ஒருவர் உருவாக்கித் தந்தது. கணினி அறையில் திறந்தால் அழகாக இருக்கும். முகப்பில் பள்ளிக் கட்டடம், ஓடும் எழுத்தில் திருக்குறள். பத்து ஆண்டுகளாக நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

2018-இல் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டில் அம்மை போட்டதால் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்குப் பெயர் சேர்க்கும் நேரம் அது. தேவையான சான்றுகளையும் கடைசித் தேதியையும் இணையதளத்தில் போட்டிருந்தேன். “அதிலே பாத்துக்கோ” என்று தோழிகளும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தேதி முடிந்த பிறகு அவளுடைய அம்மா வந்தார். தோவாளையில் பூக்கட்டுபவர்.

“போன்ல பாத்தேன் சார். கோழி கிண்டுனது மாதிரி என்னவோ இருந்துச்சு. நமக்குத்தான் படிப்பு போராதுன்னு நெனச்சு விட்டுட்டேன்” என்றார்.

அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகள். புள்ளி வைத்த எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. தளத்தை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தோம். அந்த எழுத்துரு எங்கள் கணினி அறையில் இருந்தது, அவர் கைபேசியில் இல்லை. தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு தாயைத் தனக்குப் படிப்பு போதாது என்று எண்ண வைத்தது என் இணையதளம்.

அந்தத் தேர்வை எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுத முடியும். தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது 48 மாதங்களுக்கு 48,000 ரூபாய். அவள் எழுதியிருந்தால் வென்றிருப்பாளா என்று என்னால் சொல்ல முடியாது. எழுதும் வாய்ப்பு போனது என்னால்.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. மாற்று வழி அப்போது புதிதே அல்ல. ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தர நிலையாக ஏற்று ஆணையிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் உழைப்பில் பழந்தமிழ் நூல்களை முதலில் பழைய குறியாக்கங்களில் வெளியிட்டு, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது. உள்ளடக்கம் அப்படியே இருக்க, அடித்தளம் மட்டும் மாறியது. எழுத்துரு மாற்றியைக் கொண்டு நாங்களும் ஒரு வாரத்தில் மாற்றி முடித்தோம். ஒரு வார வேலையை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டிருக்கிறேன்!

அப்படியென்றால் எப்போது மாற்றுவது? மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, செய்தி பழையதாக இருப்பது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் படம் இன்னும் முகப்பில் இருக்கிறது என்றால் செய்தியைப் புதுப்பித்தால் போதும். பழைய செய்தியைப் புதிய வடிவத்தில் போட்டால் அதுவும் பழையதே.

இரண்டாவது, நமக்குச் சலித்துப்போவது. நாம் தினமும் பார்க்கிறோம், சலிக்கிறது. பெற்றோர் ஆண்டுக்கு நான்கு முறை பார்க்கிறார். எது எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பழகியிருக்கும். நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக அந்தப் பழக்கத்தைக் கலைக்க வேண்டாம்.

மூன்றாவது, வந்தவர் வந்த வேலையை முடிக்க முடியாமல் திரும்புவது. இதுதான் உண்மையான காரணம். இதைக் கண்டறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஐந்து பெற்றோரை அழையுங்கள். அவர்களுடைய கைபேசியிலேயே மூன்று வேலை கொடுங்கள்: அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது, மாற்றுச் சான்றிதழுக்கு என்ன கொண்டுவர வேண்டும், சேர்க்கைப் படிவம் எங்கே இருக்கிறது. பிறகு பேசாமல் நில்லுங்கள். நமக்கு அதுதான் கடினம். உடனே சொல்லிக்கொடுக்க வாய் வரும். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஒருவர் ஒரு பக்கத்தில் தடுமாறினால் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அமைப்பை மாற்றுங்கள். பக்கமே திறக்கவில்லை, எழுத்தே தெரியவில்லை என்றால் அடித்தளத்திலிருந்து தொடங்குங்கள்.

அடித்தளம் நம் கையில் இல்லாமலும் போகும். பாடங்களை அசைவுப் படங்களாகக் காட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஜியோஜீப்ரா, பெட் போன்றவை உலாவியிலேயே இயங்கும் முறைக்குத் தம் செயல்பாடுகளை மாற்றிக்கொண்டதால்தான் இன்றும் நம் வகுப்பில் ஓடுகின்றன. எது நிற்கப்போகிறது என்ற அறிவிப்பு முன்கூட்டியே வரும். அதைக் கவனிக்க ஒருவர் வேண்டும், கடவுச்சொல் தெரிந்த இரண்டாவது ஆளும் வேண்டும்.

மாற்றும்போது இரண்டு எச்சரிக்கைகள். பழைய முகவரிகளை உடைத்துவிடாதீர்கள். நம் பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சாகியிருக்கின்றன. அச்சான பிறகு அவற்றைத் திருத்த முடியாது. உங்கள் பள்ளி முகவரியும் சேர்க்கைப் படிவத்திலும் சுவரிலும் அச்சாகியிருக்கும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்குக் கொண்டுசேர்க்க வழி செய்யுங்கள்.

அடுத்தது, சுற்றறிக்கையைப் படம் எடுத்துப் போடாதீர்கள். பார்வைக் குறைபாடு உள்ள ஆசிரியரும் பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள். திரைவாசிப்பு மென்பொருள் ஒருங்குறி எழுத்தைப் படித்துக்காட்டும். எழுத்தைப் படமாக்கிவிட்டால் அதனால் அப்படிப் படிக்க முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலைப் பெறும் வசதியையும் உரிமை என்றே சொல்கிறது.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும், கணினியில் அல்ல, வீட்டில் இருப்பதிலேயே மிகப் பழைய கைபேசியில் உங்கள் பள்ளியின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். “நமக்குப் படிப்பு போராது” என்று இன்னொரு தாய் நினைத்துத் திரும்பிவிடக் கூடாது.