பச்சிலை அறிந்தால் போதுமா? தோட்டத்துப் பிள்ளைகளும் பாரம்பரிய மருத்துவக் கல்வியும்

(தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த பெற்றோர்களுக்காகவும் மாணவர்களுக்காகவும் அம்பாங்கில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் இன்று கூடியிருக்கும் இந்த அம்பாங் வட்டாரத்திற்கு ஒரு பழங்கதை உண்டு. 1857 ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா என்பவர் ஈயம் தோண்டுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பி வைத்தார். அவர்கள் அம்பாங்கை அடைந்து காட்டை வெட்டினார்கள், சுரங்கம் தோண்டினார்கள். ஒரு மாதம் கழிவதற்குள் எஞ்சியவர்கள் 18 பேர் மட்டுமே என்று வரலாறு கூறுகின்றது. மற்றவர்களை மலேரியாக் காய்ச்சல் கொண்டு சென்றுவிட்டது.

அவர்களிடம் உழைப்பு இருந்தது, துணிவும் இருந்தது. எது இல்லை? நோய் எங்கிருந்து வருகிறது என்னும் அறிவு அக்காலத்தில் உலகில் எவரிடத்தும் இல்லை. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் கண்டது 1897 ஆம் ஆண்டில்தான். 1901 இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்த அறிவைக் கையிலெடுத்துக்கொண்டு சதுப்பு நிலங்களை வடித்தார், காய்ச்சல் குறைந்தது. நம் பாட்டன்மார் ரப்பர்க் காடுகளில் உயிர் தரித்து வேரூன்றியதற்கு இத்தகைய அறிவும் ஒரு காரணமாகும். அன்று 69 உயிர்களை இழந்த அதே அம்பாங்கில் இன்று அரசாங்க மருத்துவமனை ஒன்று எழுந்து நிற்கிறது. இரத்த நோய்களுக்கு நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் அங்கே அனுப்பப்படுகிறார்கள்.

மலேரியாவை அடக்கிய மருந்துகளின் வரலாற்றிலும் நமக்கொரு பாடம் இருக்கின்றது. கொயினா ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. இக்காலத்தில் மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் ஆர்ட்டெமிசினின் என்னும் மருந்தோ, சீன நாட்டுப் பச்சிலை ஒன்றிலிருந்து வந்ததாகும். தூ யூயூ என்னும் அம்மையார் பழைய சீன மருத்துவ நூல்களைப் புரட்டி, ஒரு நூலில் கண்ட குறிப்பைக் கொண்டு, அந்த இலையைச் சுடவைக்காமல் சாரம் இறக்கும் முறையை உணர்ந்தார். பின்பு அதனைச் சோதித்தார், அளந்தார், தம் உடலிலேயே முதலில் உட்கொண்டும் பார்த்தார். 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலை பல நூறு ஆண்டுகளாக அங்கேதான் இருந்தது. படிப்பும் சோதனையும் வந்து சேர்ந்த பிறகே அது கோடிக்கணக்கான உயிர்களைக் காக்கும் மருந்தாயிற்று.

இதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

நம் வீட்டு வைத்தியம்

தோட்டத்தில் பிறந்தவர்க்கு வைத்தியம் புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நிரை நிரையாக மரம் வெட்டி, பால் வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளிற் சுமந்து வந்தவர்களுக்கு, மாலையில் தோள்பட்டைக்கு எண்ணெய் தடவிவிட ஒரு கை இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைக்கவும், சளி கட்டிய குழந்தைக்குக் கஷாயம் காய்ச்சவும், சுளுக்கு வழிக்கவும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மூதாட்டி இருந்தார். தோட்டத்து டிரெசர் ஒருபுறமும் இந்த மூதாட்டி மறுபுறமுமாக நம் லயங்களின் ஆரோக்கியம் காக்கப்பட்டு வந்தது.

இந்தப் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

எங்கள் பெரியம்மா பால்வெட்டுத் தொழிலாளி. ஒருநாள் தீம்பாரில் வேர்க்கட்டை இடறிக் கால்விரலில் காயம்பட்டது. லயத்திலிருந்த பாட்டியம்மா ஒருவர் பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டார். அவர் கைராசிக்காரர்; எத்தனையோ பிரசவங்களைப் பார்த்தவர்; எவரிடமும் ஒரு காசு வாங்கியவரல்லர். ஒரு வாரம் சென்றது. இரண்டு வாரமும் சென்றது. காயம் ஆறவில்லை, வலியும் இல்லை. வலியில்லாததே நன்மை என்று எல்லாரும் எண்ணினோம். மூன்றாம் வாரம் விரல் கறுத்தது. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றபோதுதான் பெரியம்மாவுக்குக் கடுமையான நீரிழிவு என்று தெரிந்தது. நீரிழிவினால் நரம்பு மரத்துப்போனவர்க்கு வலி தெரியாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பாட்டியம்மா எங்கள் வீட்டு வாசலில் அமர்ந்து அழுதார். "எனக்குப் பச்சிலை தெரியும் சாமி, சக்கரை தெரியாதே! யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அன்றைக்கே டிரெசரிடம் போகச் சொல்லியிருப்பேனே!" என்று அவர் சொன்ன சொல்லை நாங்கள் இன்றும் மறக்கவில்லை.

தோழர்களே! அவர் சொன்னதில்தான் இந்த உரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கின்றது. மருந்து அறிவது வைத்தியத்தின் ஒரு பகுதி. நோயை அறிவது மற்றொரு பகுதி. தன் கைக்கு அடங்காத நோய் இது என்று உணர்ந்து, உரிய இடத்திற்கு உரிய நேரத்தில் அனுப்புவது மூன்றாவது பகுதி. இம்மூன்றாவது பகுதியே உயிரைக் காப்பது. அதுவே கல்லூரியில் கற்கப்படுவது. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் 95 ஆம் அதிகாரத்தில், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என நான்காக வகுத்தார். மருந்து அந்நான்கில் ஒன்றுதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சட்டம் திறந்த கதவு

முற்காலத்தில் இத்துறைக்கு வருவோர் தந்தையிடமோ குருவிடமோ கற்றுக்கொண்டு தொழில் நடத்தினார்கள். இன்று நிலைமை மாறியிருக்கின்றது. 1978 இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகள், பாரம்பரிய மருத்துவர்களும் தக்க பயிற்சி பெற்று அடிப்படைச் சுகாதாரப் பணியில் பங்கேற்கலாம் என்று அறிவித்தன. நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2004 இல் இதற்கெனத் தனிப் பிரிவை ஏற்படுத்தியது. 2007 இல் பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. பின்னர் புத்ராஜெயா, ஜொகூர் பாரு எனப் பிற இடங்களுக்கும் பரவியது. இத்தகைய பிரிவுகளில் அக்குபங்சர், மலாய்ப் பாரம்பரிய உருவுதல், பிள்ளை பெற்ற தாய்மார்க்கான பராமரிப்பு முதலியன மருத்துவர்களின் சிகிச்சைக்குத் துணையாக அளிக்கப்படுகின்றன.

இவற்றுக்கெல்லாம் முத்தாய்ப்பாக 2016 ஆம் ஆண்டில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் பிறந்தது. 775 ஆம் எண்ணுள்ள இச்சட்டத்தின்கீழ் ஏழு துறைகள் ஏற்கப்பட்டுள்ளன. அவை: மலாய் மருத்துவம், சீன மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவ முறை என்பனவாம். இந்திய மருத்துவம் என்னும் பிரிவில் ஆயுர்வேதமும் யுனானியும் நம் தமிழ் மக்களின் சித்த மருத்துவமும் அடங்கும். பதிவு பெற்றவரே இத்துறைகளில் தொழில் நடத்தலாம் என்பது சட்டத்தின் நோக்கம். பதிவு 2021 ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆகவே, இனிமேல் இத்துறையில் கால்வைக்க விரும்பும் பிள்ளை கையில் தகுதிச் சான்றிதழோடு வரவேண்டும்.

எங்கே, என்ன படிப்பது?

சீன மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே உள்ளன. காஜாங்கை அடுத்த சுங்கை லோங்கிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் கல்வியைப் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யு. பல்கலைக்கழகம் தொடங்கியது. ஹோமியோபதிப் பட்டத்தைச் சைபர்ஜெயா பல்கலைக்கழகம் அளித்து வந்திருக்கிறது. சேருமுன் அவ்வாண்டில் எந்தப் பாடத்திற்கு மாணவர்கள் சேர்க்கப்படுகிறார்கள் என்று நேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சித்த மருத்துவப் பட்டம் பெற விரும்புவோர் பெரும்பாலும் தமிழ்நாட்டையே நாடுகின்றனர். பாளையங்கோட்டையில் 1964 இல் தொடங்கிய அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி பெயர்பெற்றது. சென்னை அரும்பாக்கத்திலும் அரசினர் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 இல் திறக்கப்பட்டு, பட்டம் பெற்றவர்க்கு மேற்படிப்பை அளிக்கின்றது. இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக உள்ளது. பாரம்பரிய மருத்துவத்தில் ஒத்துழைப்பதற்காக மலேசியாவும் இந்தியாவும் 2010 இல் உடன்பாடு கண்டன. உதவித்தொகை பற்றிய விவரங்களைக் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கேட்டறியலாம்.

இது எளிய படிப்பு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் சித்த மருத்துவப் பட்டத்திற்கு நாலரை ஆண்டுப் பாடமும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. நாடி, தொடுகை, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்னும் எண்வகைத் தேர்வைக் கற்கும் அதே மாணவர், உடற்கூற்றையும் உடலியங்கியலையும் கற்க வேண்டும். மூலிகையின் குணத்தைச் சொல்லும் குணபாடத்தைப் படிப்பவர் நஞ்சு நூலையும் படிக்க வேண்டும். ஏனெனில் அளவு மாறினால் மருந்தே நஞ்சாகும். ஆகவே, ஐந்தாம் படிவத்தில் அறிவியல் பாடங்களைத் தட்டிக் கழிக்கும் பிள்ளைக்கு இவ்வழி கடினமாகவே இருக்கும்.

ஏமாற வேண்டாம்

கதவு திறந்திருக்கும் இடத்தில் கள்வரும் நுழைவார்கள். சில வாரங்களில் 'டாக்டர்' பட்டம் தருவதாகச் சொல்வோரிடம் பெற்றோர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு வருந்தலாகாது. மலேசியத் தகுதி அங்கீகார நிறுவனத்தின் பதிவேட்டில் அப்பாடம் உள்ளதா என்று முதலில் பாருங்கள். அந்தப் படிப்பைக்கொண்டு 775 ஆம் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற இயலுமா என்று சுகாதார அமைச்சின் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவில் அடுத்ததாகக் கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டமாயின் இந்த இரண்டாம் கேள்வி மிகமிக முக்கியம். பணம் கட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

நோயாளியாகச் செல்லும் நமக்கும் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் 1992 முதல் பாரம்பரிய மருந்துகள் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. அவற்றின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி, எண்களுக்குப் பின் 'டி' என்ற எழுத்தைக்கொண்ட பதிவெண் இருக்கும். அஃதில்லாத மூட்டுவலி மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தை இரகசியமாகக் கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். உண்டவுடன் வலி பறந்தோடும். உடலின் எதிர்ப்புச் சக்தியும் எலும்பின் வலிவும் மெல்ல மெல்லப் போய்விடும். புற்றுநோய், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. அவ்வாறு விளம்பரம் செய்பவர் எவராயினும் அவரை விட்டு விலகுவதே அறிவுடைமை.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இத்துறையில் அரசாங்க வேலைகள் சிலவே. பட்டம் பெற்றோரிற் பலர் தனியார் சிகிச்சை நிலையங்களிலோ சொந்த நிலையத்திலோதான் தொழில் செய்ய வேண்டியிருக்கும். பெயர் எடுக்கச் சில ஆண்டுகள் செல்லும். நிலையான மாதச் சம்பளம் உடனே தேவைப்படும் குடும்பம், தாதிமை, மருத்துவ உதவியாளர் பயிற்சி, இயன்மருத்துவம் ஆகியவற்றையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இவையும் நோயுற்றவருக்குத் தொண்டு செய்யும் வழிகளே. பணமில்லை என்பதற்காக மட்டும் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுதவி இருக்கின்றது. ஆனால் அது கடன், திருப்பிச் செலுத்த வேண்டியது என்பதையும் பிள்ளைக்கு முதலிலேயே உணர்த்துங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டியிடம் சென்று அமருங்கள். அவர் அறிந்த இலைகளையும் வேர்களையும் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். அதன்பின் பள்ளிக்குச் சென்று உயிரியலையும் வேதியியலையும் ஊன்றிப் படியுங்கள். ஒரு கையில் பாட்டியின் ஏடும் மறு கையில் கல்லூரியின் சான்றிதழும் உடைய ஒருவர் நம் தோட்டத்திற்குத் திரும்பி வருவாரானால், ஆறாத காயத்தோடு வருபவரை உட்காரவைத்து, முதலில் சர்க்கரையைச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்குவார்.

எங்கள் பெரியம்மாவுக்கு அன்று அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. இனி நம் மக்களுக்குக் கிடைக்கவேண்டும். அவர் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவராக இருக்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகின்றோம்.