திண்ணை வரைக்கும் யாரு, அடுக்களை வரைக்கும் யாரு?

இன்னைக்கு நாம போகப்போற இடம் முட்டுக்காட்டுல இருக்கிற தட்சிணசித்ரா. ஈ.சி.ஆர்ல போகும்போது போர்டைப் பார்த்திருப்பீங்க. சில பேர் ஸ்கூல் டூர்ல உள்ளேயே போயிருப்பீங்க.

இது கண்ணாடிப் பெட்டிக்குள்ள பொருளை வைக்கிற மியூசியம் இல்ல. இங்க வீடுதான் காட்சிப்பொருள். 1891-ல ஸ்வீடன்ல ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 'ஸ்கான்சன்' திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பழைய வீடுகளைப் பிரிச்சு, வேற இடத்துல மறுபடி கட்டிக் காட்டுறதுதான் ஐடியா. 1996-ல திறந்த தட்சிணசித்ராவும் அதே வழிதான். ஊர்ல இடிக்கப்போற வீடுகளை வாங்கி, தூண், கதவு, உத்தரம்னு தனித்தனியா கழட்டி, இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க. வளாகத்தை வடிவமைச்சவர் லாரி பேக்கர்.

செட்டிநாட்டு வீடு, கேரளாவோட சிரியன் கிறிஸ்தவர் வீடு, ஆந்திரக் கடலோரத்து வட்ட வீடு எல்லாம் இங்க இருக்கு. வட்டமா ஏன் கட்டினாங்க? புயல் காத்து மோதி நிக்கறதுக்குத் தட்டையான சுவர் கிடையாது, அதனால சுத்திப் போயிடும். நெசவாளர் வீட்டுல தறியே பாதி வீடு. குயவர் சக்கரத்துல நீங்களும் கை வச்சுப் பார்க்கலாம்.

ஆனா நான் பேச வந்தது அக்ரஹார வீட்டைப் பத்தி. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லைப்புறம்னு வரிசையா உள்ளே போயிட்டே இருக்கும். டிக்கெட் எடுத்த யாரும் நேரா அடுக்களை வரைக்கும் போய் செல்ஃபி எடுக்கலாம். நூறு வருஷம் முன்னாடி அது நடந்திருக்காது. சிலருக்குத் திண்ணையோட சரி. சிலர் அந்தத் தெருவுக்குள்ளயே வர முடியாது. வீட்டுப் பெண்களே மாதவிடாய் நாள்ல உள்ள வரக்கூடாது.

சுவரும் தூணும் பத்திரமா இருக்கு. யாரு எங்க நிக்கணும்ங்கிற அந்த விதி கண்ணுக்குத் தெரியாது. அதை நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். "அந்தக் காலம் எவ்வளவு அழகு"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தோம்னா, வரலாற்றுல பாதியை விட்டுட்டு வர்றோம். அதுக்காக அங்க போகாதீங்கன்னு சொல்லல. வீடே இல்லாமப் போயிருந்தா, இந்தக் கேள்வியை எங்க நின்னு கேட்கிறது?

அதனால ஒரு சின்ன வேலை. தாத்தா பாட்டியைக் கூட்டிட்டுப் போங்க. செவ்வாய்க்கிழமை லீவு, மத்த நாள்ல போங்க. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கேளுங்க: "பாட்டி, உன் சின்ன வயசுல இந்த மாதிரி வீட்டுக்குள்ள எதுவரைக்கும் உன்னை விட்டிருப்பாங்க?" பதில் சொல்ல விருப்பம் இல்லைன்னா விட்டுடுங்க. சொன்னா, குறுக்கே பேசாம கேளுங்க. அவங்க சம்மதிச்சா ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க. எந்த மியூசியத்துலயும் அது கிடைக்காது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.