நோய் விலக்கும் அறிவும் நம் மஹல்லாவும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நோயிலிருந்து தற்காத்துக்கொள்ளும் அறிவை இறைவன் மனிதனுக்கு மட்டும் வழங்கிவிடவில்லை. தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் திருமறையில் அத்தியாயங்கள் உள்ளன. அவ்விரு சிற்றுயிர்களையே எடுத்துக்கொள்வோம். மெழுகால் மூடிய அறைக்குள் வளரும் புழு நோயுற்றால், வேலைக்காரத் தேனீக்கள் அதனை வாசனையாலேயே அறிந்து, மூடியைத் திறந்து, புழுவை வெளியே இழுத்து அகற்றிவிடுகின்றன. கிருமிகளை அடக்கும் மரப்பிசினைக் கொண்டுவந்து கூட்டின் இடுக்குகளில் பூசுகின்றன. பூஞ்சை தொற்றிய எறும்பு கூட்டைவிட்டு வெளியே அதிக நேரம் கழிக்கிறது. தொற்றாத எறும்புகளும் தம் நடமாட்டத்தை மாற்றிக்கொள்வதால் அரசி எறும்புக்குத் தொற்று எட்டுவது குறைகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அவ்வளவு ஏன், ஆடுமாடுகள் சாணம் கிடக்கும் இடத்துப் புல்லை ஒதுக்கிவிட்டு மேய்வதை நம் ஏரிக்கரைகளிலேயே பார்க்கலாம்.

மனிதனுக்கு இவ்வறிவோடு மார்க்கத்தின் வழிகாட்டுதலும் கிடைத்தது. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் சிரியாவை நோக்கிப் பயணம் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி ஸர்ஃ என்னுமிடத்தில் அவர்களை எட்டியது. தோழர்களிடம் ஆலோசனை செய்துவிட்டுத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். இறைவிதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக உமர் (ரழி) அவர்கள் விளக்கினார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் தப்பியோடி வெளியேறவும் வேண்டாம் என்னும் பெருமானார் (ஸல்) அவர்களின் அறிவுரையை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் எடுத்துரைத்ததும் அந்த இடத்தில்தான். அவ்வறிவுரையின் முற்பகுதி நம்மைக் காக்கிறது. பிற்பகுதி பிறரைக் காக்கிறது.

இவற்றையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் உண்டு. நம் பகுதியைவிட்டு இன்னும் நீங்காத காசநோயைப் பற்றி, டி.பி. என்று மெல்லிய குரலில் மட்டுமே நாம் சொல்லிப் பழகிய அந்நோயைப் பற்றி, இன்று உரத்த குரலில் பேச விரும்புகிறோம்.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. அக்காற்றைச் சுவாசிப்பவருக்குத் தொற்றுகிறது. தட்டாலும் தம்ளராலும் முஸாஃபஹாவாலும் அது பரவுவதில்லை. உள்ளே நுழைந்த கிருமியை நம் உடலின் வெள்ளணுக்கள் சூழ்ந்து, சுவர் எழுப்பியதுபோல் சிறைவைத்துவிடுகின்றன. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இத்தொற்று ஏற்பட்டிருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆயினும் தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் அது நோயாக மாறுகிறது. சத்துணவுக் குறைவு, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவை அச்சுவரைப் பலவீனமாக்குபவை. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் நம் மஹல்லாவில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

"பிறந்தவுடன் தடுப்பூசி போட்டுவிட்டோமே" என்று சிலர் கேட்கலாம். குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது, அதைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கிறதா? இக்கேள்விக்கு விடை தேடிய மிகப்பெரிய ஆய்வு எங்கோ வெளிநாட்டில் நடக்கவில்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், நம் திருவள்ளூர் வட்டாரத்து ஊர்களில்தான் 1968-இல் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் பேர் அதில் பங்கேற்றார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராக அத்தடுப்பூசி பாதுகாப்பு அளிக்கவில்லை என்பதே முடிவு. ஆகவே நமக்கு எஞ்சியிருக்கும் பெரிய அரண், நோயை விரைவில் கண்டுபிடித்து முழுமையாகச் சிகிச்சை பெறுவதுதான்.

இங்கேதான் மனிதர்கள் தேனீயிடமிருந்து வேறுபட வேண்டியிருக்கிறது. நோயுற்ற புழுவைத் தேனீ வெளியே எறிகிறது. அதற்கு வேறு வழியில்லை. ஒரு காலத்தில் மனிதர்களும் காசநோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்து, ஆண்டுக்கணக்கில் சானடோரியத்தில் வைத்தார்கள். அது தேவையா என்று 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் சோதித்துப் பார்த்தது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அவ்வாய்வை வழிநடத்தினார். நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினர் நெரிசல் மிகுந்த தம் எளிய வீடுகளிலும் ஓராண்டு அதே மருந்துகளை உட்கொண்டார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் மனைவி மக்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சரியான மருந்து தொடங்கிவிட்டால் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. பிறருக்கு ஆபத்தெல்லாம் மருந்து தொடங்குவதற்கு முந்தைய நாட்களில்தான். உலக நாடுகள் சானடோரியங்களை மூடத் துணிந்ததற்கு நம் சென்னைப் பட்டணத்து ஏழைகள் மருந்து உண்டு காட்டிய சான்று ஒரு பெரிய காரணம்.

அந்த முந்தைய நாட்களை நீட்டிப்பது எது? வெட்கம். மகளுக்கு வரன் வராது, எஸ்டேட்டில் வேலை போய்விடும், அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் வெளியேறச் சொல்வார்கள் என்ற அச்சத்தில், இரண்டு மாதம் இருமியும் மருந்துக்கடை டானிக்கோடு காலம் கடத்துகிறார்கள். 2020-ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களை நாம் மறந்திருக்க முடியாது. ஒரு நோயை ஒரு சமுதாயத்தின் பெயரோடு சேர்த்து ஒட்டினார்கள். காய்கறி விற்கப்போன நம்மவர்கள் தெருவில் ஏச்சுக் கேட்டதாக நாடெங்கும் செய்திகள் வந்தன. அந்த வலியை அறிந்த நாமே, நம் தெருவில் ஒரு காசநோயாளியின் வீட்டைச் சுட்டிக்காட்டிப் பேசுவது எவ்வகையில் நியாயம்?

நிர்வாகக் குழுவின் சார்பில் நாம் கேட்டுக்கொள்வன சில. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அல்லது மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதச் சிகிச்சை. இரண்டாம் மாதத்தில் உடல் தேறிவிட்டதென்று நிறுத்துவது, மருந்துக்கு அடங்காத நோயை நாமே வளர்ப்பதாகும். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு வழங்கும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது, கேட்டுப் பெறுங்கள். வீடுகளைப் பற்றியும் ஒரு சொல்: கொசுவுக்குப் பயந்து அஸர் தொழுகை முடிந்ததுமே சன்னல்களை அடைத்துவிடுகிறோம். கொசுவலை அடித்து, காற்று வர விடுங்கள்.

உணவு விஷயத்தில் ஜமாஅத்தால் செய்யக்கூடியது உண்டு. ஜார்க்கண்டில் நடைபெற்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்துவந்தார்கள். அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பூசிபோல் வேலை செய்திருக்கின்றன! நம் பைத்துல்மாலிலிருந்து இவ்வுதவியைத் தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து. ஜகாத் நிதியைப் பயன்படுத்துவதா, பொது நன்கொடையா என்பதை ஆலிம்கள் முடிவு செய்து தருவார்கள்.

உதவி தேவைப்படுவோர் பள்ளிக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மாதந்தோறும் விதவையருக்கும் முதியோருக்கும் செல்லும் அதே பைகளோடு அவர்களின் பையும் செல்லும். யாருக்கு எதற்காகச் செல்கிறது என்பது செயலாளருக்கும் பொருளாளருக்கும் மட்டுமே தெரிந்திருக்கும். அறிவிப்புப் பலகையில் பெயர் இடம்பெறாது.